முன்கை மட்டும் ஏறவே மாட்டேங்குது: தினம் 100 ரிஸ்ட் கர்லை 200 ஆக்கவா?

கொட்டகலை_24:

வயசு 24, உயரம் 171 சென்டிமீட்டர், நிறை 62 கிலோ. ஹட்டன் டவுன்ல ஒரு ஜிம்முக்கு திங்கள், புதன், வெள்ளி அந்திக்குப் போறேன். மடக்கி அளந்தா மேல்கை 33 சென்டிமீட்டர் இருக்கு, முன்கை வெறும் 26. அரைக்கை சட்டை போட்டா நல்லாவே தெரியுது.

தினமும் ராத்திரி வீட்டுல 5 கிலோ டம்பலால ஒவ்வொரு கைக்கும் 100 ரிஸ்ட் கர்ல் (மணிக்கட்டை மட்டும் மடக்கித் தூக்குறது), உள்ளங்கை மேல பார்த்தபடி. எரிச்சல் நல்லா வருது, அளவு மட்டும் ஏறல. ஜிம்ல டம்பல் கர்ல் 12 கிலோ, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்றது) 90 கிலோ, ஸ்ட்ராப் (மணிக்கட்டைப் பாரோட சேர்த்துக் கட்டுற பட்டி) கட்டித்தான். பகல்ல இப்போ தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து வேலை, கத்தியால செடியை வெட்டிவிடுறது. கொஞ்ச நாளா முழங்கையோட உள்பக்க எலும்புல, முஷ்டி இறுக்கும்போது வலிக்குது.

ஜிம்ல இருக்கிறது: 1 இன்ச் பார், வளைஞ்ச இசட் பார், 20 கிலோ வரை டம்பல், புல்-அப் கம்பி. கேபிள் மெஷின் இல்ல. என்ன மாத்தணும்? 100ஐ 200 ஆக்கினா சரிவருமா?

---

பார்பெல்_நானுஓயா:

200 வேணாம் தம்பி. அந்த 100ஐயே இன்னைக்கு ராத்திரியோட நிறுத்துங்க.

ஒரு பாரத்தை 100 தடவை தூக்க முடியுதுன்னா தசை பெருக அது போதாது. 30 தடவைக்குள்ள "இனி ஒண்ணு ரெண்டுதான் வரும்"ங்கிற நிலைக்குக் கொண்டுபோற பாரம் வேணும். 8க்கும் 20க்கும் நடுவுல இருந்தா முன்கைக்கு வசதி. எரிச்சலைப் பார்த்து ஏமாறாதீங்க, லேசான பாரத்தை ரொம்ப நேரம் ஆட்டினா யாருக்கும் எரியும். அந்த 5 கிலோ எப்பவாவது 6 ஆச்சா? ஆகல. கை அதுக்குப் பழகிட்டுது, அவ்வளவுதான்.

ஆனா அதைவிடப் பெரிய பிழை, ஒரே திசையில அடிக்கிறது. முன்கைங்கிறது ஒரு தசை இல்ல. உள்பக்கம் மணிக்கட்டை மடக்குற, விரலை மூடுற தசைகள். வெளிப்பக்கம் மணிக்கட்டைத் தூக்குற, விரலை விரிக்கிற தசைகள். கட்டைவிரல் பக்கமா, முழங்கைக்குக் கீழ தடிச்சுத் தெரியுதே, அது பிராக்கியோரேடியாலிஸ். அது முழங்கைக்கு மேல, மேல்கை எலும்போட வெளிப்பக்கம் தொடங்கி மணிக்கட்டுக்கிட்ட முடியுது. அதோட வேலை முழங்கையை மடக்குறது. மணிக்கட்டை எத்தனை தடவை ஆட்டினாலும் அதுக்கு வேலை கிடைக்காது. "முன்கை தடிப்பா இருக்கு"ன்னு பார்க்கிறவங்க சொல்றது பெரும்பாலும் இந்தத் தசையைப் பார்த்துத்தான்.

நீங்க அடிக்கிறது உள்பக்கம் மட்டும். கவ்வாத்துக் கத்தி பகல் முழுக்க வேலை வாங்குறதும் அதே உள்பக்கத்தைத்தான். அங்க வலி வந்ததுல ஆச்சரியம் இல்ல. அதனால இப்போதைக்கு உள்பக்கத்தை விட்டுட்டு மத்த ரெண்டையும் பிடிங்க.

முதல்ல ஹாமர் கர்ல். கட்டைவிரல் மேல பார்க்க, முழங்கை விலாவோட ஒட்டியபடி. 10 கிலோவுல 3 செட் (நிறுத்தாம செய்யுற ஒரு சுத்து ஒரு செட்), செட்டுக்கு 8லிருந்து 12 தடவை. ஏத்த 1 விநாடி, இறக்க 3 விநாடி. 3 செட்டுலயும் 12 வந்த பிறகுதான் 12 கிலோ டம்பலைத் தொடணும். அப்போ திரும்ப 8க்கு இறங்கும், அது சரிதான். தோளை ஆட்டி எறிஞ்சு ஏத்தினா எண்ணிக்கை மட்டும்தான் கூடும்.

அடுத்தது ரிவர்ஸ் கர்ல், உள்ளங்கை கீழ பார்த்தபடி. நேர் பார்ல செஞ்சா மணிக்கட்டு முறுகும், இசட் பாரோட சரிவான பிடியில பிடிங்க. சாதாரண கர்ல் தூக்குறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல வரும். உங்களுக்கு வெறும் பாரோட பக்கத்துக்கு 2.5 கிலோ போட்டுத் தொடங்கலாம். 3 செட், 10லிருந்து 15. ஏத்தும்போது மணிக்கட்டு கீழ தொங்கினா பாரம் கூடிப்போச்சு. முஷ்டியும் முன்கையும் ஒரே கோட்டுல நிக்கணும். கட்டைவிரலைப் பாரைச் சுத்திப் போடுங்க.

மூணாவது ரிவர்ஸ் ரிஸ்ட் கர்ல். முன்கையை பெஞ்சுல படுக்க வச்சு, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளிய, உள்ளங்கை கீழ பார்க்க. இதுல எல்லாரும் அகலக்கால் வைப்பாங்க. 2 கிலோ, மிஞ்சினா 3 கிலோ போதும். 15லிருந்து 20, மேல வந்து 1 விநாடி நிக்கணும். அப்படி நிக்க முடியலன்னா தூக்குறது மணிக்கட்டு இல்ல, பெஞ்சை விட்டு எழும்புற முழங்கை.

திங்கள் ஹாமர் 3 செட். புதன் ரிவர்ஸ் ரிஸ்ட் கர்ல் 3 செட். வெள்ளி ரிவர்ஸ் கர்ல் 3, கூட ரிவர்ஸ் ரிஸ்ட் கர்ல் 2. எல்லாமே கடைசியில. டெட்லிஃப்ட், ரோவுக்கு (குனிஞ்சு நின்னு பாரை வயித்துப் பக்கம் இழுக்கிறது) முன்னால முன்கையைக் களைச்சுப்போட்டா பிடி விட்டுப்போய் முதுகுப் பயிற்சியும் கெடும்.

நம்ம பக்கக் குளிர்ல அந்திக்கு விரல் விறைச்சிருக்கும். பிளேன்டீ கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது வார்ம்-அப் ஆகாது! முஷ்டியை 30 தடவை மூடித் திறந்து, மணிக்கட்டைச் சுத்தி, முதல் செட்டைப் பாதிப் பாரத்துல செய்யுங்க.

அளக்கிறது மாசம் ஒரு தடவை போதும். காலையில, வேலைக்கு முன்னால, கை நீட்டி, விரல் தளர்வா, ரொம்பத் தடிச்ச இடத்துல. ஜிம் முடிஞ்ச உடனே அளந்தா ரத்தம் ஏறின வீக்கத்தைத்தான் அளப்பீங்க. 3 மாசத்துல அரை சென்டிமீட்டர் ஏறினா நல்லாத்தான் போகுது. தசை மணிக்கட்டு வரைக்கும் நீளுதா, இல்ல பாதியிலேயே முடிஞ்சு நரம்பு மாதிரித் தெரியுற தசைநாண் ஆகுதாங்கிறது பிறப்புல வர்றது. அதை எந்தப் பயிற்சியாலயும் மாத்த ஏலாது.

---

நேரடி_இரும்பு:

இவ்வளவு நுணுக்கம் எதுக்கு? ஸ்ட்ராப்பைக் கழட்டி வீசுங்க. டெட்லிஃப்ட், பார்பெல் ரோ, புல்-அப் மூணையும் வெறுங்கையால செஞ்சா முன்கை தானா வரும். 2 கிலோ டம்பலை ஆட்டி யாருக்கும் முன்கை வந்து நான் பார்க்கல.

---

பார்பெல்_நானுஓயா:

பாதி சரி. பாரைப் பிடிச்சு நிக்கும்போது விரல் மூடுற தசை அசையாம இறுகி நிக்குது. பிடி பலமாக அது போதும், கொஞ்சம் பெருக்கவும் செய்யும். ஆனா வெளிப்பக்கத் தசை அங்க மணிக்கட்டு சரியாம தாங்கிக்கொடுக்குது, அவ்வளவுதான். நீண்டு சுருங்குற வேலை அதுக்கு டெட்லிஃப்ட்ல கிடைக்காது. 2 கிலோன்னு சிரிக்கிறவங்க முழங்கையை அசைக்காம 20 தடவை செஞ்சு காட்டட்டும், பேச்சை அப்புறம் வச்சுக்குவோம்.

ஸ்ட்ராப் விஷயத்துல அவர் சொல்றதைக் கேளுங்க, ஆனா முழுசா வீச வேணாம். 40, 60, 75 கிலோ செட்டெல்லாம் வெறுங்கை, ரெண்டு உள்ளங்கையும் உடம்பைப் பார்த்தபடி. 90க்கு மட்டும் ஸ்ட்ராப். இல்லாட்டி பிடி தாங்குற அளவுலயே முதுகும் நின்னுபோகும். வலி போன பிறகு, கடைசியா 60 கிலோவை டெட்லிஃப்ட் மாதிரித் தூக்கி நிமிர்ந்து, கை கீழ தொங்கினபடி 15லிருந்து 20 விநாடி பிடிச்சு நில்லுங்க. 30 விநாடி ஆனா 5 கிலோ கூட்டலாம். ஒரு உள்ளங்கை உள்ள, ஒரு உள்ளங்கை வெளிய பார்க்கப் பிடிக்கிறது பிடியைப் பலமாக்காது, பாரம் உருண்டு நழுவாம பார்த்துக்கும், அவ்வளவுதான். வெளிய பார்க்கிற கையோட பைசெப்ஸுக்கும் (மேல்கையோட முன்பக்கத் தசை) அது ஆபத்து.

கை வேர்த்தா ஜிம் சோக், அதாவது மக்னீசியம் காபனேட், பூசுங்க. பேபி பவுடரைப் பூசிட்டு பார் வழுக்குதுன்னு சொல்றவங்க நிறைய. அதுல டால்க் இருந்தா வழுக்கத்தான் செய்யும்.

---

பிசியோ_பண்டாரவளை:

முதல்ல வலியைப் பார்ப்போம், பெருக்குறது அப்புறம்.

முழங்கை உள்பக்கம் துருத்துற எலும்புலதான் மணிக்கட்டை மடக்குற தசைகளோட தசைநாண் ஒட்டியிருக்கு. ஒரு சோதனை: உள்ளங்கை மேல பார்க்க முன்கையை மேசையில வச்சு, மத்தக் கையால உள்ளங்கையைக் கீழ அமத்துங்க, நீங்க மேல மடக்கப் பாருங்க. அந்த எலும்புல வலி எடுத்தா அந்தத் தசைநாண்ல சுமை கூடிப்போச்சுன்னு எடுத்துக்கலாம். தசை சில வாரத்துல பலமாகும், தசைநாண் அதைவிட மெதுவாத்தான் பழகும். தினம் 100 அடிச்சா அதுக்கு ஆற நேரமே இல்ல.

முழு ஓய்வும் சரிவராது. ஓய்வுல வலி போகும், வேலைக்குத் திரும்பினா வலியும் திரும்பும். அதனால அசையாத பாரத்துல தொடங்குங்க. உள்ளங்கை மேல பார்க்க 2 அல்லது 3 கிலோ டம்பல், மணிக்கட்டு நேரா, 30லிருந்து 45 விநாடி பிடிச்சு வைக்கணும். நடுவுல 2 நிமிஷம் விட்டு 4 தடவை, தினமும் ஒரு வேளை. செய்யும்போது 10க்கு 3 வரை வலி இருந்தா பரவாயில்ல. அடுத்த நாள் காலையில முன்னைய விடக் கூடியிருந்தா பாரத்தைக் குறைங்க. 2 வாரம் இப்படிப் போய் வலி அடங்கினா அசைவுக்கு மாறுங்க: 3 விநாடி ஏத்தி 3 விநாடி இறக்கி, 15 தடவை, 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இந்த நாட்கள்ல உள்ளங்கை உங்களைப் பார்த்த புல்-அப்பும், நேர் பார் கர்லும் வேணாம். ஹாமர் கர்ல் பெரும்பாலும் வலிக்காது. வலிச்சா அதையும் 2 கிலோ குறைச்சுப் பாருங்க.

கத்தியையும் பாருங்க. மொட்டைக் கத்தின்னா அதே கிளைக்கு ரெண்டு வெட்டு, இன்னும் இறுக்கமான பிடி. வேலையில நடுநடுவே தீட்டிக்கிறதே இங்க பாதி வைத்தியம். பிடி ஒல்லியா இருந்தா விரல் தேவைக்கு மேல இறுக்கும். பழைய சைக்கிள் டியூப்பை ஒரு சுத்து இறுக்கமாச் சுத்துங்க. தொளதொளன்னு கையுறை போட்டாலும் பிடி இறுகத்தான் செய்யும்.

வலிமாத்திரை போட்டுட்டு ஜிம்முக்குப் போகாதீங்க, நிறுத்தச் சொல்ற அடையாளத்தையே மறைச்சிடும். சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்தா முழங்கை உள்பக்க நரம்பு நெரிபடலாம். ராத்திரியில கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து எழுப்பினா மணிக்கட்டுல நரம்பு நெரிபடலாம். கையிலிருந்து சாமான் நழுவி விழத் தொடங்கினாலும் பயிற்சியை விட்டுட்டு கிளினிக்குக்குப் போங்க. கொழுந்து எடுக்கிற அம்மா, அக்காமாருக்கு இந்த மரப்பு வந்தா "வேலைன்னா அப்படித்தான்"னு விடாதீங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

---

தலவாக்கலை_பாஸ்:

ஜிம் இல்லாத நாளுக்கு வீட்டுல செய்யக்கூடிய ரெண்டு சாமான் சொல்றேன், செலவு பெருசா இல்ல.

ஒண்ணு, சுத்துக் கட்டை. உடைஞ்ச மண்வெட்டிப் பிடியில 45 சென்டிமீட்டர் அறுத்துக்குங்க. நடுவுல 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, 6 மில்லிமீட்டர் நைலோன் கயிறை விட்டு, அந்தப் பக்கம் ரெட்டை முடிச்சு. கட்டையில சுத்திக்கட்ட மட்டும் செஞ்சா கயிறு வழுக்கிச் சும்மா சுத்தும், அதனால ஓட்டை கட்டாயம். கயிறு 1.2 மீட்டர் போதும். கீழ் முனையில 5 லீட்டர் கேன், அதுல 2 லீட்டர் தண்ணி. ஒரு லீட்டர் ஒரு கிலோ, அதனால தராசு தேவையில்ல. எஸ்லோன் (பிவிசி) பைப்லயும் செய்யலாம், ஆனா மெல்லிசு பைப் ஓட்டை போட்ட இடத்துல வெடிக்கும், வேர்த்த கைக்கு வழுக்கவும் செய்யும்.

உள்ளங்கை கீழ பார்க்கப் பிடிச்சு, முஷ்டி உங்க பக்கம் எழும்புற மாதிரிச் சுத்தினா வெளிப்பக்கத்துக்கு வேலை. எதிர்ப்பக்கம் சுத்தினா உள்பக்கத்துக்கு, அது தம்பிக்கு இப்ப வேணாம். மேல சுத்தி ஒண்ணு, கீழ மெதுவா விட்டு ஒண்ணு, இப்படி 3 தடவை. பலபேர் கையை முன்னால நீட்டிப் பிடிச்சு, முன்கை களைக்க முன்னமே தோள் விட்டுப்போய் நிறுத்திடுறாங்க. முழங்கையை விலாவோட வச்சு ஒரு பெஞ்சு மேல ஏறி நின்னா அந்தத் தொல்லை இல்ல. கயிறு சர்ருன்னு அவிழ விட்டா பாதி வேலை போச்சு. வாரத்துக்கு அரை லீட்டர் கூட்டுங்க.

ரெண்டாவது, 2 கிலோ சுத்தியல். முன்கையை மேசையில வச்சு, மணிக்கட்டு வெளிய, சுத்தியல் தலை மேல பார்க்க. தலையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழ பிடிங்க. மெதுவா உள்பக்கம் சாய்ச்சு நேராக்கி, வெளிப்பக்கம் சாய்ச்சு நேராக்கி, பக்கத்துக்கு 10, 2 செட். முன்கையைத் திருப்புற தசைகளுக்கு இது. வேற எந்தப் பயிற்சியும் அதை இந்த மாதிரித் தொடாது. பாரம் கூட்ட சுத்தியல் மாத்தத் தேவையில்ல, பிடியை 2 சென்டிமீட்டர் கீழ இறக்கினாலே கூடும். 15லிருந்து 30க்குப் போனா மணிக்கட்டுல விழுற முறுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முதல் நாளே பிடியோட அடியில பிடிச்சுத்தான் நிறையப் பேர் மணிக்கட்டைச் சுளுக்கிக்கிறாங்க.

இன்னொண்ணு, கொன்கிரீட் ஊத்தின டம்பலை நிறை பார்க்காம நம்பாதீங்க. கல்லும் மணலும் சேர்ந்த கொன்கிரீட் லீட்டருக்கு 2.4 கிலோ அளவு வரும், அதனால 5 லீட்டர் கேன் நிறைய ஊத்தினா 12 கிலோ. "பத்து கிலோ"ன்னு சொல்லிக்கிட்டு ஒரு கையில 9, மத்தக் கையில 12 தூக்குவீங்க.

---

கொட்டகலை_24:

ரொம்ப நன்றி. பிசியோ சொன்ன சோதனையில வலி எடுக்குது, அதனால 100ஐ நிறுத்திட்டேன். மூணு சந்தேகம். டவுன்ல விக்கிற ஸ்பிரிங் கைப்பிடி வாங்கலாமா? ஃபார்மர்ஸ் வாக் (ரெண்டு கையிலயும் பாரம் பிடிச்சு நடக்கிறது) செய்யலாமா, ஜிம்ல இடமில்ல? சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, சம்பல், பருப்பு, போதுமா?

---

பார்பெல்_நானுஓயா:

கைப்பிடி இப்ப வேணாம், அது வேலை வாங்குறதும் வலிக்கிற உள்பக்கத்தைத்தான். பிறகு வாங்கினாலும் திருகு வச்ச பிளாஸ்டிக் கைப்பிடியில "40 கிலோ"ன்னு எழுதியிருக்கிறதைப் பாரமா எடுக்காதீங்க, ஒரு குறியா மட்டும் வச்சுக்குங்க. தரமா அளந்து செய்யுற கேப்டன்ஸ் ஒஃப் க்ரஷ் கைப்பிடியில 1ஆம் இலக்கம் 140 பவுண்ட், அதாவது சுமார் 63 கிலோ. ஜிம் போற ஆளுங்களுக்கே அதை முதல் நாள் முழுசா மூட வராது. பிளாஸ்டிக் கைப்பிடியில "60"ஐ டிவி பார்த்துக்கிட்டே மூடுறவங்க அதைத் தொட்டுப் பார்க்கட்டும். எதுவானாலும் 5லிருந்து 12 தடவையில களைக்கிற இறுக்கம், வாரம் 2 நாள். பஸ்ல, லயத்து வாசல்ல உக்காந்து நாள் முழுக்க அமுக்குறது நீங்க அடிச்ச 100ஐப் போலத்தான்.

ஃபார்மர்ஸ் வாக் நல்லது, வலி அடங்கின பிறகு. வீட்டுல 20 லீட்டர் தண்ணி கேன் ரெண்டு, கைக்கு 20 கிலோ. சமதளமான வாசல்ல 40 மீட்டர், 3 தடவை. சரிவான தோட்டத்து ரோட்டுல செய்யாதீங்க, இறங்கும்போது பாரம் முட்டிக்குப் போகும், சறுக்கினா கேனோட விழுவீங்க. அரைகுறையா நிரப்பின கேன்ல தண்ணி அலம்பி நடையையே கெடுக்கும், அதனால பாரம் குறைக்கணும்னா சின்னக் கேனை முழுசா நிரப்புங்க. கேன் பிடி விரலை வெட்டும், துணி சுத்துங்க. துணியைச் சுத்திச் சுத்தி 5 சென்டிமீட்டர் தடிப்பாக்கினா அதே 20 கிலோ இன்னும் கஷ்டமாகும், கட்டைவிரலுக்கும் அப்போதான் வேலை.

சாப்பாட்டுல புரதம் குறையுது. உடம்பு நிறையில கிலோவுக்கு 1.6 கிராம்னு வச்சா உங்களுக்கு நாளைக்கு சுமார் 100 கிராம். ரொட்டிக்குப் போற கோதுமை மா 200 கிராம்ல 20 கிராம் அளவு, காய்ஞ்ச பருப்பு 100 கிராம்ல 24, முட்டை 3ல 18, காய்ஞ்ச சோயாமீட் 50 கிராம்ல 25. கூட்டிப் பாருங்க, மிச்சத்துக்கு நெத்தலி, கடலை, கௌபி, பால் எது கிடைக்குதோ அது. சம்பல் தேங்காயை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. 171 சென்டிமீட்டருக்கு 62 கிலோ ஒல்லிதான். முழு உடம்பும் மாசம் ஒரு கிலோ அளவு ஏறினாத்தான் முன்கைக்கும் பங்கு கிடைக்கும். நிறை 62லயே நின்னா முன்கை மட்டும் தனியா பெரிசா வராது.

---

வொலிபோல்_மஸ்கெலியா:

இடையில ஒண்ணு கேட்கிறேன். சனி, ஞாயிறு வொலிபோல் ஆடுறேன். முன்கைப் பயிற்சியை வெள்ளி அந்திக்கு வச்சா ஸ்பைக் அடிக்கும்போது மணிக்கட்டு கனமா இருக்கு. நாளை மாத்தலாமா?

---

பிசியோ_பண்டாரவளை:

மாத்துங்க. கடினமான முன்கை வேலையை செவ்வாய், இல்லாட்டி புதனுக்குத் தள்ளுங்க. வெள்ளி விரல் விரிக்கிறது மட்டும் போதும்: சைக்கிள் டியூப்ல 1 சென்டிமீட்டர் அகல வளையம் வெட்டி, அஞ்சு விரலையும் சேர்த்து மாட்டி, 25 தடவை விரிச்சு மூடுங்க, 2 செட். அது களைப்பைத் தராது.

கொட்டகலைத் தம்பிக்கு: அசைவுப் பயிற்சியில 3 செட்டும் வலியில்லாம முடிஞ்சு, கவ்வாத்து வேலை முடிஞ்ச அந்தியிலும் அந்த எலும்பு நோகாம 2 வாரம் போனா ரிஸ்ட் கர்லை மறுபடி எடுக்கலாம். டம்பல் வேணாம், முதுகுக்குப் பின்னால பார்பெல்லைப் பிடிச்சு நின்னு செய்யுங்க, உள்ளங்கை பின்னால பார்க்கும். அதுல முழங்கை நேரா இருக்கும், மணிக்கட்டும் அதிகமாப் பின்னால வளையாது. 15 கிலோவுல தொடங்கி 12லிருந்து 15, வாரம் 2 நாள், 2 செட் மட்டும். பாரை விரல் நுனி வரை உருட்டி இறக்குறது முதல் 6 வாரத்துக்கு வேணாம். கவ்வாத்து முடிஞ்சு உரம் போடுற வேலைக்கு மாறினா மூணாவது செட்டைக் கூட்டிக்கலாம். மருந்து டாங்கி பம்ப் அடிக்கிற வாரம்னா கூட்டாதீங்க.